கணினிக்குள் உன் அப்பா

அன்பு மகளுக்கு அம்மா ஆசியுடன் எழுதுவது. இங்கே நான் நலம், அப்பாவும் உடம்பளவில் நலம், நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் வாலுவும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எப்போதும் நினைப்பு. வாலுவுக்கு மூக்கு ஒழுகுவது நின்றதா? டே கேர் போகிற பிள்ளைக்கு மாதம் ஒரு சளி வரத்தான் செய்யும், அதற்காக மாப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்காதே. இங்கே சமையலறைக் குழாயும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது, அப்பா நானே சரிசெய்கிறேன் என்று ஸ்பானரோடு இறங்கினார், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

போன வாரம் போனில், இந்த லீவுக்கு வர வேண்டாம் என்று நான் சொன்னதும் நீ சரிம்மா என்று வைத்துவிட்டாய். அன்று சொல்லாத காரணத்தை இப்போது சொல்கிறேன். எங்கள் ஆய்வக வேலை உனக்குத் தெரியும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி எப்படிக் கிழடு தட்டுகிறது என்று கணினிக்குள் ஒரு பொய் உடம்பை வைத்து ஓட்டிப் பார்க்கிறோம். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி வயதாக ஆகச் சுருங்கும், புதுக் காவல் செல்கள் வருவது குறையும், பழைய கிருமிகளையே நினைவில் வைத்திருக்கும் செல்கள் இடத்தை அடைத்துக்கொள்ளும், ஓய்வு பெற்றும் நாற்காலியை விடாத எங்கள் மேலாளர் மாதிரி. ஒரு முழு ஆயுசு டீ குடிப்பதற்குள் ஓடி முடிந்துவிடும். சொந்தக்காரர்களின் எண்களை அதில் போடக் கூடாது என்பது எங்களுக்குள் கட்டுப்பாடு, அது ஒரு கூட்டத்துக்குச் சராசரி சொல்லுமே தவிர ஒரு ஆளுக்கு ஜாதகம் சொல்லாது. புதிதாகச் சேர்பவர்களிடம் இதைப் படித்துப் படித்துச் சொல்பவளே நான்தான், ஊருக்குத்தான் உபதேசம். அப்பா நுரையீரல் காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை, அவர் பிறந்த வருடத்தையும் ரத்தப் பரிசோதனை எண்களையும் போட்டு ஓட்டிவிட்டேன். குழந்தை சளியோடு வீட்டுக்கு வந்தால் அவர் உடல்நிலை எப்படிப் போகும் என்று திரையில் ஒரு கோடு, யாருமே வராவிட்டால் ஒரு கோடு. முதல் கோடு சரிந்த வேகத்தைப் பார்த்ததும் உனக்குப் போன் போட்டேன். அப்பாவிடம் உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்தேன்.

நேற்று என்னை அழைத்துப்போக ஆய்வகத்துக்கு வந்தவர், திரையில் தன் பிறந்த வருடத்தைப் பார்த்துவிட்டார். மறைக்க வழியில்லை, எல்லாம் சொன்னேன். அவர் இரண்டாவது கோட்டை விரலால் தொட்டு, "இந்த ஆளு நல்லாத்தான் இருக்கான், நாள் முழுக்க என்ன பண்றான்?" என்று கேட்டார். அந்தப் பொய் உடம்புக்குச் செல்கள் உண்டு, கிருமி உண்டு, வேறு எதையும் நாங்கள் எழுதவில்லை. "உடம்பு என்னோடது, பேரனும் எனக்குப் பேரன்தான், என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். வீட்டுக்கு வந்ததும், அவளுக்கு நீயே எழுது என்று மட்டும் சொன்னார்.

இன்று காலை மருத்துவரைக் கேட்டேன், முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அப்பாவுக்குத் தடுப்பூசி போட்டுச் சில வாரம் போகட்டும், குழந்தைக்குச் சளி விடட்டும், பிறகு தாராளமாக வரட்டும் என்கிறார். எனக்குப் பயம் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் நீ வா.

நீங்கள் மூவரும் நோய் நொடி அண்டாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். வாலுவுக்கு என் முத்தம். டிக்கெட் எடுத்ததும் எனக்குப் போன் செய்யாதே, அப்பாவுக்குச் செய். அவர் இன்னும் என்னோடு பேசவில்லை, நீ வருகிற தேதியை அவர் வாயால்தான் நான் கேட்க வேண்டும்.

உன் வரவை எண்ணியிருக்கும்,
அம்மா