தெரு நடுவே ஓடிய கோடு

ஜனவரி 9

பள்ளி வாரியம் புது வரைபடத்தை வெளியிட்டுவிட்டது. கிழக்குப் பள்ளியில் பிள்ளைகள் பிதுங்குகிறார்களாம், மேற்குப் பள்ளி காற்றாடுகிறதாம். அதனால் எல்லைக் கோடு எங்கள் தெருவின் நடுவே ஓடுகிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கிழக்குக்கு, எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் மேற்குக்கு. எதிர்ப்பக்கம் என்றால் — கொரீன்! தன் வாசல் சருகையெல்லாம் இயந்திரத்தால் ஊதி என் புல்தரையில் தள்ளும் அதே கொரீன். செப்டம்பரிலிருந்து பெற்றோர் கூட்டத்தில் அவள் முகத்தில் விழிக்க வேண்டாம். இந்த மகிழ்ச்சியில் இன்னொரு துண்டு கேக் சாப்பிட்டேன்.

"ஒரு கோட்டுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்கிறார் லோரன். கணவர்களுக்கு என்ன தெரியும்?

ஜனவரி 12

வாரியத்தின் பொதுக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்துவிட்டேன். ஆளுக்கு மூன்று நிமிடம். கோட்டை ஆதரித்துப் பேசப்போகிறேன். 'சமநிலை', 'வருங்காலம்' என்று இரண்டு பெரிய சொற்கள் தயார். சருகைப் பற்றி மூச்சுவிடக் கூடாது.

ஜனவரி 15

என் மகள் இங்கா சாப்பாட்டு மேசையில் ஒரே அழுகை. கோட்டுக்கு அந்தப் பக்கம் டில்டா போய்விடுவாளாம். கொரீனின் மகள் டில்டா! இருவரும் உயிர்த்தோழிகளாம், ரொம்ப நாளாக.

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ மூஞ்சிய எப்படி வச்சுக்குவேன்னு தெரியும்மா. இப்ப வச்சிருக்க பாரு, அப்படித்தான்."

லோரனுக்குத் தெரியுமாம். டில்டாவுக்கு சாண்ட்விச் வேறு செய்து கொடுத்திருக்கிறாராம், என் சமையலறையிலேயே! இந்த வீட்டில் யாரைத்தான் நம்புவது?

பெயரைத் திரும்ப வாங்கிவிடலாமா? வாங்கவில்லை. பிள்ளைகள் விஷயம் வேறு, பெரியவர்கள் விஷயம் வேறு — இல்லையா?

ஜனவரி 18

இங்கா என்னோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அப்பாவிடம்தான் கேட்கிறாள்.

ஜனவரி 21

கூட்டத்துக்குப் போய் வந்தேன்.

இங்காவின் வகுப்பே திரண்டு வந்திருந்தது. அத்தனை பேரும் கோட்டை எதிர்த்துப் பேசப் பெயர் கொடுத்திருந்தார்கள்! ஒருத்தி தன் தோழிகளின் பெயரையெல்லாம் நடுப்பெயரோடு நிதானமாக வாசித்தாள். ஒருவன் பஸ்ஸில் தன் ஜன்னல் சீட்டை வர்ணித்தான். டில்டா டிராம்போன் என்ற நீளமான பித்தளைக் குழலோடு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் மூன்று நிமிடமும் ஊதினாள். பன்றிக்குட்டி படிக்கட்டில் உருள்வது போலிருந்தது.

வாரியத் தலைவர் ஹாகன் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, இது கருத்தா?"

"கருத்துதான் சார். சோகமான கருத்து. இன்னும் முடியல."

"நேரம் முடிஞ்சிருச்சும்மா. கடவுள் புண்ணியம்."

அடுத்தது என் பெயர். மைக் முன்னால் போய் நின்றேன். முதல் வரிசையில் இங்கா, முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு. அவளுக்குப் பின்னால் கொரீன், கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி. அவளும் பயந்துபோய்த்தான் இருந்தாள். சமநிலையாவது வருங்காலமாவது — இரண்டையும் விட்டுவிட்டேன்.

"என் மூணு நிமிஷத்த டிராம்போனுக்குக் குடுத்துடறேன்" என்றேன்.

கூடமே ஆரவாரித்தது. ஹாகன் தலையில் கைவைத்துக்கொண்டார். "வேணாம்மா, வேணாம்! ஒரே தெருவுக்கு ரெண்டு பஸ் விடணுமேன்னு டிரைவருங்களும் புலம்புறாங்க. கோட்ட ஊருக்கு வெளிய இருக்கற ஓடைக்கு அந்தப் பக்கம் தள்ளிடலாம், இந்தத் தெரு முழுசும் கிழக்குப் பள்ளிக்கே வரட்டும். யாராவது முன்மொழியுங்கப்பா!"

வாரிய உறுப்பினர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். டில்டா வாத்தியத்தைத் துடைத்துத் தயாராக நின்றது காரணமாக இருக்கலாம். இங்கா ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

ஜனவரி 22

கொரீன் ஒரு தட்டு நிறைய எலுமிச்சைப் பலகாரத்தோடு வந்தாள். "நீங்க கோட்டுக்கு ஆதரவாப் பேசத்தான் பேர் குடுத்தீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"சேச்சே, யாரு சொன்னா?" என்றேன். உள்ளேயிருந்து லோரன் இருமினார்.

செப்டம்பர் 4

பள்ளி திறந்துவிட்டது. பஸ்ஸை விட்டுவிட்டு, பிள்ளைகளை நாங்களே முறைவைத்துக் காரில் கொண்டுவிடுகிறோம்; இந்த வாரம் கொரீனின் முறை. முதல் நாளாயிற்றே என்று நானும் ஏறிக்கொண்டேன். இருவரும் இறங்கியதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிட்டார்கள். திரும்பும்போது வண்டியில் நாங்கள் இருவர் மட்டும். பேசாமல் எப்படி உட்கார்ந்திருப்பது? ஹாகன் புதிதாக வைத்திருக்கும் மீசையைப் பற்றி மெல்ல ஆரம்பித்தேன். கொரீன் சிரித்த சிரிப்பில் எங்கள் தெரு திரும்பும் இடத்தைத் தாண்டி நேராகப் போய்விட்டாள்.

நானும் சொல்லவில்லை.