சிவப்பு விளக்கின் மேல் பொட்டு

வில்லியனூர்
20-8-1938

என் செல்ல மகள் விசாலத்துக்கு அப்பா தெய்வநாயகத்தின் ஆசீர்வாதம்.

இங்கே நான் சுகம், ஜவுளிக்கடையும் சுகம். உன் அம்மாவுக்குத்தான் ஆடியில் பிடித்த காய்ச்சல் விட்டபாடில்லை. புதுச்சேரியிலிருந்து டாக்டர் வந்து பார்த்தார். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதாம். நீ பயப்படாதே. கஞ்சி குடிக்கிறாள், என்னோடு சண்டையும் போடுகிறாள். கோகிலாம்பாள் சண்டை போடும் வரைக்கும் எனக்குக் கவலை இல்லை.

நீ முழுகாமல் இருக்கும் சேதி கேட்டதிலிருந்து, "எம் பொண்ணக் கொண்டாந்து கண்ணுல காட்டுங்க" என்று காலையும் மாலையும் அதே பேச்சு. காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அதற்கென்றே ஒரு காரியம் செய்திருக்கிறேன். சிரிக்காதே. கார் வாங்கிவிட்டேன். ஊர் திரும்பும் ஒரு பிரெஞ்சுக்காரத் துரையிடமிருந்து, நல்ல கறுப்பு வண்டி. உன்னைத் திருவண்ணாமலையில் கொண்டுவந்து விட்ட அன்று நாங்கள் மாட்டு வண்டியில் வந்து இறங்கியதைப் பார்த்து உன் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாரே, எனக்கு அது மறக்கவில்லை. இந்தத் தடவை உங்கள் தெருவே எழுந்து வந்து பார்க்கும்.

அடுத்த வாரமே வருகிறேன். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

உன் அப்பா,
தெய்வநாயகம்


திருவண்ணாமலை
24-8-1938

அன்புள்ள அப்பாவுக்கு உங்கள் விசாலம் வணக்கத்துடன் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. காருக்கு மாலை போட்டீர்களா, இல்லை நீங்களே போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றீர்களா? அம்மா என்ன சொன்னாள்? பாதிப் பணத்துக்குப் பசு வாங்கியிருக்கலாம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

அம்மாவுக்கு இத்தனை நாள் காய்ச்சல் என்று இப்போதுதானா எழுதுவது? படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. இவரோடு உடனே புறப்படலாம் என்று பார்த்தால் அத்தை சம்மதிக்கவில்லை. "பொறந்த வூட்லேர்ந்து ஆள் வந்து அழைக்காம வயித்துப் புள்ளக்காரிய நாங்களா கொண்டுபோய் வுட்டா ஊர் இன்னா சொல்லும்?" என்கிறார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் வழக்கம் அது.

ஆகையால் நீங்கள் வந்தால் போதும். எதில் வந்தாலும் சரி. நான் புடவைகளை எடுத்து வைத்துவிட்டேன்.

உங்கள் மகள்,
விசாலாட்சி


வில்லியனூர்
29-8-1938

அருமை மகள் விசாலத்துக்கு ஆசீர்வாதம்.

சொன்னபடி வரமுடியவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வண்டி சண்டித்தனம் செய்கிறது.

ஓட்டுபவன் எதிரே பலகையில் வட்ட வட்டமாகக் கண்ணாடிகள் இருக்கின்றன. ஒன்று வேகம் காட்டுகிறது, ஒன்று பெட்ரோல். எழுத்தெல்லாம் பிரெஞ்சு. கீழே ஓரமாக, சுண்டைக்காய் அளவில் ஒரு சிவப்பு விளக்கு. கரிக்கலாம்பாக்கம் வரை ஓட்டிப் பார்த்தோம். பாதி வழியில் அது பளிச்சென்று எரிந்தது. நான் அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நம் டிரைவர் பக்கிரிதான், "மொதலாளி, இது நல்லதுக்கு எரியற மாரி தெரியில" என்று நிறுத்திவிட்டான்.

புதுச்சேரியிலிருந்து முத்துசாமி மேஸ்திரியை வரவழைத்தேன். என்ஜினுக்குள் எண்ணெய் ஓடாமல் நின்றால் அந்த விளக்கு எரியுமாம். எரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டுமாம், ஓட்டினால் உள்ளே இரும்பு இரும்போடு உரசி இறுகிப்போகுமாம். எண்ணெய் தள்ளும் பம்பு தேய்ந்திருக்கிறது, புதிது கப்பலில்தான் வரவேண்டும் என்கிறார். இப்போதைக்குக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுக்கிறாராம். இரண்டு நாளாக நானும் கூடவே உட்கார்ந்து பார்க்கிறேன். என்ன வேலைப்பாடு, விசாலம்! ஒவ்வொரு திருகாணியும் நகை மாதிரி இருக்கிறது.

அம்மா அப்படியேதான் இருக்கிறாள். ராத்திரியில் இருமல் கொஞ்சம் அதிகம்.

அப்பா


திருவண்ணாமலை
2-9-1938

அன்புள்ள அப்பாவுக்கு,

காரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவைப் பற்றி இரண்டு வரி.

கோபத்தில் எழுதவில்லை அப்பா, பயத்தில் எழுதுகிறேன். வில்லியனூரில் ரயில் ஏறினால் விழுப்புரத்தில் மாறி அன்றைக்கே இங்கே வந்துவிடலாம். ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியிலேயே வாருங்கள். யார் சிரித்தால் நமக்கென்ன? அத்தை இப்போது சிரிக்கிற நிலையில் இல்லை, அம்மாவுக்காகக் கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு வந்தார்.

அம்மா கைப்பட இரண்டு வார்த்தை எழுதச் சொல்லுங்கள். கிறுக்கலாக இருந்தாலும் பரவாயில்லை. கார் எங்கே போகப்போகிறது?

விசாலம்


வில்லியனூர்
5-9-1938

என் கண்ணு விசாலத்துக்கு,

அம்மாவுக்கு எழுத உட்கார முடியவில்லை. ஆனால் நீ நினைக்கிறபடி ஒன்றும் இல்லை. நேற்று எழுந்து தலைவாரிக்கொண்டாள்.

நல்ல சேதி. வண்டி சரியாகிவிட்டது. பாகூர் போய்த் திரும்பினோம், விளக்கு கண்ணே திறக்கவில்லை. மேஸ்திரி நல்ல வார்த்தை சொல்லிவிட்டார், விளக்கின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு மெதுவாகப் போனால் போதுமாம். வெள்ளிக்கிழமை காலையில் பூஜை போட்டுப் புறப்படுகிறேன். மத்தியானம் உன் வாசலில் ஹாரன் சத்தம் கேட்கும். ரயிலில் மூன்றாம் வகுப்பில் இடிபட்டு உன்னை இந்த உடம்போடு கூட்டிவர எனக்கு மனம் வரவில்லை. நீ மெத்தையில் சாய்ந்துகொண்டு வரவேண்டும்.

அதற்குள் அவசரப்பட்டு எங்கேயும் கிளம்பிவிடாதே. நான் வருகிறேன். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

தெய்வநாயகம்


வில்லியனூர்
2-10-1938

விசாலம்,

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ ரயிலேறியபோது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இங்கே இருந்த நாளெல்லாம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. நீ கேட்காவிட்டாலும் நடந்ததை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை விடியலில் குருக்கள் வந்து காருக்குப் பூஜை செய்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். மாலை போட்டு, ஸ்டியரிங்குக்கும் பலகையில் இருந்த வட்டங்கள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் இட்டார். அந்தச் சிவப்பு விளக்கின் மேலும் கெட்டியாக ஒரு பொட்டு. உன் அம்மாவைக் கைத்தாங்கலாக ஜன்னலுக்குக் கொண்டுவந்து காட்டினோம். "பொண்ண உலுக்காம கூட்டியாங்க" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

எல்லைச் சுங்கச் சாவடியில் சிப்பாய் சீர்த் தட்டையெல்லாம் கிளறிப் பார்த்துவிட்டு விட்டான். திண்டிவனம் தாண்டும்போது, விளக்கு தெரியவில்லையே என்று எனக்கு உறைத்தது. துடைக்கக் கையை நீட்டினேன். வீட்டில் கட்டியவள் படுத்துக் கிடக்கிறாள், சாமிக்கு வைத்த குங்குமத்தை நான் என் கையால் அழிப்பதா? கை கூசியது. பக்கிரியும், "வாணாம் மொதலாளி, இருக்கட்டும்" என்றான். அப்படியே விட்டுவிட்டேன்.

செஞ்சி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என்ஜின் ஒரு கத்துக் கத்தி நின்றது. தண்ணீர் ஊற்றினோம், தள்ளினோம், அசையவில்லை. பக்கிரி பொட்டைச் சுரண்டிப் பார்த்தான். அடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

திருவண்ணாமலை பஸ் ஒன்று வந்தது. பக்கிரி என்னை ஏறச் சொன்னான். வண்டியை நடுக்காட்டில் விட்டுவிட்டு எப்படிப் போவது என்று நான் ஏறவில்லை. மெக்கானிக்கைக் கூட்டிவர அவனை அனுப்பிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் விடியலில் இங்கே அவள் போய்விட்டாள். பக்கத்து வீட்டுக் காசம்மாள்தான் கூட இருந்தாள். தெருவில் எந்த மோட்டார் போனாலும் உன் அம்மா, "வந்துட்டாளா?" என்று கேட்டாளாம்.

உனக்குத் தந்தி கிடைத்தது. எனக்குக் கொடுக்க யாருக்கு விலாசம் தெரியும்? வண்டியை லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு நான் மாலையில் வந்து இறங்கியபோது வாசலில் கூட்டம்.

ஒரு கார்டு போடு, அம்மாடி.

அப்பா


வில்லியனூர்
20-11-1938

மகள் விசாலத்துக்கு ஆசீர்வாதம்.

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. மாப்பிள்ளை போட்ட கார்டில் உனக்கு ஏழாம் மாதம் என்று தெரிந்தது.

கப்பலில் சாமான்கள் வந்து, முத்துசாமி மேஸ்திரி என்ஜினைப் பிரித்துப் புதிதாக்கிவிட்டார். சாவி போட்டதும் விளக்கு எரிகிறது, என்ஜின் ஓடியதும் அணைந்துவிடுகிறது. அப்படித்தான் இருக்கவேண்டுமாம். வளைகாப்புக்கு உன் அம்மா எடுத்து வைத்த பச்சைப் பட்டு பெட்டியில் இருக்கிறது. தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் நடக்கவேண்டும். கூட இருந்து பார்த்துக்கொள்ளக் காசம்மாள் ஒத்துக்கொண்டாள்.

தையில் ஒரு நல்ல நாள் பார்த்து அழைக்க வருகிறேன். வரலாமா?

அப்பா


திருவண்ணாமலை
26-11-1938

அப்பாவுக்கு,

உங்களிடம் பேசாமல் வந்தது எனக்கும் பாரமாகத்தான் இருக்கிறது. பேசினால் ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கும். பயந்து வாயைக் கட்டிக்கொண்டேன். இனிமேல் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

நீங்கள் புறப்படுவதற்கு முந்தின புதன்கிழமை அத்தை மனம் மாறிவிட்டார். "வழக்கம் கெடக்குது, பெத்தவளப் பாத்துட்டு வா" என்று அவரே சொல்லி, வழிக்குப் புளிச்சோறு கிளற அரிசி எடுத்து வைத்தார். மறுநாள் காலை ரயிலுக்கு இவர் ஜட்கா வண்டி பேசிவிட்டு வந்தார். பெட்டி கட்டி வாசலில் இருந்தது.

அன்று சாயங்காலம் உங்கள் கடிதம் வந்தது. கிளம்பிவிடாதே, நான் வருகிறேன் என்று.

இவர் சொன்னார், "நாம போயிடுவோம் விசாலம். மாமா வந்தா, நாம கெளம்பிட்டோம்னு எங்க அம்மா சொல்லிப்பாங்க." நான்தான் மாட்டேன் என்றேன். எங்கள் அப்பா சொன்னால் சொன்னபடி வந்துவிடுவார் என்றேன். ஜட்காக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை காலையிலிருந்து இருட்டும் வரைக்கும் வாசலிலேயே நின்றேன்.

வியாழக்கிழமை ரயிலேறியிருந்தால் அம்மாவுக்கு என் கையால் கஞ்சி கொடுத்திருப்பேன்.

பொட்டை நீங்கள் அழிக்காததை நான் ஒருநாளும் குற்றமாகச் சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அழித்திருக்க மாட்டேன். ஆனால் பஸ் வந்து நின்றதே, அப்பா.

பிரசவம் இங்கேயே ஆகட்டும். அத்தையிடம் பேசிவிட்டேன். பிள்ளை பிறந்ததும் தந்தி கொடுக்கச் சொல்கிறேன். பச்சைப் பட்டைக் காசம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், அம்மாவைக் கடைசியில் குளிப்பாட்டியது அவர்தான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரத்துக்குக் கடையை விட்டு எழுந்து போங்கள்.

அழைக்க மட்டும் வர வேண்டாம். வருகிறேன் என்று எழுதவும் வேண்டாம். நீங்கள் எழுதினால் நான் மறுபடியும் வாசலில் போய் நிற்பேன்.

விசாலாட்சி