தைத்து மூடிய தாள்கள்

1954, ஐப்பசி 12, வியாழன்.

அசதியாக இருக்கிறது. தூக்கம்தான் வரவில்லை.

எங்கள் ஸ்டேஷன் ஏட்டு அடித்ததில் கை ஒடிந்தது என்று நஷ்டஈடு வழக்குப் போட்டவர் மொக்கைச்சாமி. குரங்கணி மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை சுமந்து இறக்குகிறவர். ஏட்டின் சர்வீஸ் காகிதக் கட்டைக் காட்டவேண்டும் என்று அவருடைய வக்கீல் கேட்டிருந்தார். ஸ்டேஷன் ரைட்டர் நான். கோர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோனேன். நீதிபதி தனியறையில் படித்தார். முன்பொருமுறை ஆளை அடித்ததற்காக ஏட்டைக் கண்டித்த தாளை மட்டும் காட்டலாம், மற்றவை அவருடைய சொந்த விஷயம், தைத்து மூடிவிடு என்றார். கோர்ட் சேவகர் டவாலி கோணி ஊசி கொண்டுவந்தார். தைத்தேன்.

மொக்கைச்சாமிக்குப் படிக்கத் தெரியாது. தைத்த தாள்களின் கனத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்.

“ரைட்டரய்யா, தச்சு மூடுனது அம்புட்டும் என்னைய மாதிரி அடிபட்ட ஆளுகளா?”

“அதெல்லாம் நான் சொல்லக்கூடாதுப்பா.”

“இம்புட்டுப் பேரு கேட்டே ஒண்ணும் நடக்கல. எனக்கு மட்டும் என்ன கெடைக்கப்போகுது? சோலியப் பாக்கப் போறேன்.”

போய்விட்டார்.

உள்ளே இருப்பவை ஏட்டின் ஆஸ்பத்திரிச் சீட்டுகள். அடிபட்டவர் ஒருவர்கூட இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஏட்டு என் காதோரம் கேட்டார்: “என் நோவு யாருக்கும் தெரியலையேண்ணே? மகளுக்கு மாப்ள பாத்துக்கிட்டிருக்கேன்.” தெரியவில்லை என்றேன். நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மொக்கைச்சாமி அடுத்த வாய்தாவுக்கு வருவார். அந்த நோயின் பெயரை இங்கே எழுதக்கூடக் கை வரவில்லை.