வயரைப் பிடுங்கிய பிறகும் ஓடிய பட்டை

கறுப்புத் திரையில் ஊதா நிறத்தில் ஒரு பட்டை கிளம்பியது. பாதியில் ரோஸ் ஆகி, ஆரஞ்சாகி, கடைசியில் மினுக்கும் பச்சையில் போய் நின்றது. நம் ரத்தப் பரிசோதனை லேபின் பாப்பாரப்பட்டி கிளையிலிருந்து இன்று காலை பழுது பார்க்க அனுப்பியிருந்த கம்ப்யூட்டரில், உன்னுடையதை எடுத்துவிட்டு வைத்த அந்தப் புரோகிராம் இன்னும் அழிக்கப்படாமல் கிடந்தது. தெரியாமல் ஓட்டிவிட்டேன். திருவிழாவில் விற்கும் குச்சி ஐஸின் நிறங்கள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் அதை அழித்தேன். பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீ எழுதிய பட்டையில் மூன்றே நிறங்கள் இருந்தன. தருமபுரி லேபின் மாடியில், கம்ப்யூட்டர் பிரிவு என்று போர்டு மாட்டிய அந்தப் புழுக்கமான அறையில் நாம் இருவர்தான் பிரிவு. ஏரியூரிலும் பாப்பாரப்பட்டியிலும் எடுக்கும் ரத்தத்தின் ரிசல்ட் சாயங்காலத்துக்குள் தருமபுரிக்கு வந்து சேரவேண்டும். இங்கே டாக்டர் பார்த்து, அபாயமாக இருப்பவர்களுக்கு மட்டும் அன்றைக்கே போன் செய்யச் சொல்வார். அந்த ரிசல்ட்டை அனுப்புவதற்கு நாம் செய்த புரோகிராமில் படமில்லை, பொத்தானில்லை. கறுப்புத் திரையில் ஒரு சொல்லைத் தட்டினால் ஓடும். எவ்வளவு போயிருக்கிறது என்று காட்ட, ஒரே ஒரு வரியில் கட்டம் கட்டமாகப் பட்டை வளரும். போய்க்கொண்டிருந்தால் வெள்ளை. லைன் அறுந்து காத்திருந்தால் மஞ்சள். தருமபுரி கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பதில் அனுப்பினால் மட்டும் பச்சை.

இத்தனை கறாராக எதற்கு, நிறம்தானே என்று நான் கேட்டேன். “பச்சைங்கறது நாம பூசற பெயிண்ட் இல்லடி. வாங்கிக்கிட்டேன்னு அந்தப் பக்கம் சொல்ற சொல்லு” என்றாய். சொல்லிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டைப் அடித்துக்கொண்டிருந்தாய். எனக்கு எதையும் உடனே நம்பும் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு நம்பினேன்.

கிளைகளில் உன் பட்டைக்கு நல்ல பெயர் இல்லை. ஏரியூர்க் கிளையைப் பார்த்துக்கொள்ளும் ஜெயந்திக்கு அது ‘கோடு’. கோடு மஞ்சளாக நின்றால் அவளுடைய பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸுக்கு இருட்டிவிடும். வாரத்தில் பாதி நாள் போன் செய்து, உங்கள் கோடு நகரமாட்டேன் என்கிறது, என் மாமியாருக்கு நீங்களே பதில் சொல்லுங்கள் என்று சண்டை போடுவாள். நீயும் அவளும் போனில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே பச்சை வரும்வரை காத்திருப்பீர்கள். அப்படியே சிநேகிதிகள் ஆகிவிட்டீர்கள்.

ஓனர் ஒருநாள் மாடியேறி வந்தார். மஞ்சளாக நின்றால் மிஷின் கெட்டுவிட்டது என்று கிளைக்கு வருகிறவர்கள் நினைப்பார்கள், சும்மா நகர்ந்துகொண்டே இருக்கிற மாதிரி ஒன்று வைத்துவிடுங்கள் என்றார். வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் டைமர் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து வளரும் பட்டை. அதை எழுத உனக்குக் கால் மணி நேரம் ஆகாது.

“அதுக்கு ஒரு சீரியல் பல்பு வாங்கிச் சுவத்துல மாட்டிருங்க சார். நல்லா ஓடும்” என்றாய்.

அவர் சிரித்தார், ஆனால் மறக்கவில்லை.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தவர்கள் சாத்துக்குடி வாங்கி வந்தார்கள், பொய்யும் கொண்டு வந்தார்கள். முகம் தெளிந்திருக்கிறது என்றார்கள். போன வாரத்துக்கு இந்த வாரம் எவ்வளவோ தேவலை என்றார்கள். உன் கணவர்கூட, டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய் உன்னிடம் தைப்பொங்கலுக்கு வீட்டில் இருப்பாய் என்றார். எல்லாரும் போனபிறகு நீ என்னைப் பார்த்தாய்.

“எல்லாரும் டைமர் வெச்சு ஓட்டறாங்கடி. நீ சொல்லு, என்னா கலரு?”

“மஞ்சள்” என்றேன்.

“அப்பாடா” என்று கண்ணை மூடிக்கொண்டாய். அதற்கப்புறம் என் கையை விடவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக உன் வீட்டார் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை.

நீ போனபின் உன் நாற்காலியில் ஓனரின் மருமகன் வந்து உட்கார்ந்தார். பெங்களூரில் வேலையை விட்டுவிட்டு வந்தவர். லேபில் எல்லாருக்கும் மாப்பிள்ளை சார். என்னைக் கீழே பில்லிங்குக்கு அனுப்பிவிட்டார்கள்; பழுது பார்க்க வரும் கம்ப்யூட்டர்கள் மட்டும் இன்னும் என்னிடம்தான் வரும். மாப்பிள்ளை சார் தனியாக உட்கார்ந்து முன்னேற்றங்கள் செய்தார். முதல் முன்னேற்றம் பட்டை. ஊதாவிலிருந்து பச்சைவரை குழைந்து ஓடும், எந்தக் கிளையிலும் ஒரே வேகத்தில் முடியும், அடியில் ‘வெற்றிகரமாக அனுப்பப்பட்டது’ என்று வரும். ஓனர் அதைச் செல்போனில் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார். ஜெயந்திக்கு அதன்பின் பஸ் தவறியதே இல்லை. கோடு முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைத்து, யுபிஎஸ்ஸையும் அணைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அப்படித்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

போன மாதம் ஏரியூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் லேபுக்கு வந்தார். அவர் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. ஏரியூர்க் கிளையில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருந்தாள். ராகிக் காட்டில் மயங்கி விழுந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து ரத்தம் ஏற்றியிருந்தார்கள். அந்த மனிதர் சத்தம் போடவில்லை. என் மேஜைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“போனு ஒண்ணும் வரலீங்களே. அப்ப ரத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்குதுன்னு அறுப்புக்குப் போயிருச்சுங்க.”

நம் லேபை அந்தப் பக்கத்து ஊர்கள் அப்படித்தான் புரிந்துவைத்திருக்கின்றன. போன் வந்தால் பயம், வராவிட்டால் நல்லது. ரத்தம் மிகக் குறைவு என்ற அவளுடைய ரிசல்ட் தருமபுரிக்கு வந்துசேரவே இல்லை. ஏரியூர் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. அவளும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். அது எங்கள் யாருடைய சாமர்த்தியமும் இல்லை.

மறுநாள் ஓனர் அறைக்கு ஜெயந்தியை வரச்சொன்னார்கள். அனுப்பி முடிப்பதற்குள் பஸ்ஸுக்கு அவசரப்பட்டு அணைத்துவிட்டாள், வேலையைவிட்டு நின்றுகொள்ளட்டும் என்று முடிவாகியிருந்தது. அவள் கணவனுக்கு நிலையான வேலை இல்லை என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ளை சார் வருத்தமான குரலில், பயிற்சி போதவில்லை என்றார். அவள் சம்பளக் கணக்கை முடித்துக் கொடுக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

அந்தப் புரோகிராமை ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்டேன். மாப்பிள்ளை சார் சந்தோஷமாகத் தட்டினார். பட்டை ஊதாவில் கிளம்பியது. நான் மேஜைக்கு அடியில் குனிந்து நெட் வயரைப் பிடுங்கினேன். பிடுங்கிய வயரை மேஜைமேல் ஓனருக்கு முன்னால் வைத்தேன். பட்டை அசையாமல் நிற்கும் என்று எனக்குள் ஒரு மூலை இன்னும் எதிர்பார்த்தது. அது ரோஸ் ஆயிற்று, ஆரஞ்சாயிற்று. ‘வெற்றிகரமாக அனுப்பப்பட்டது’ என்றது. அதற்குக் கீழே இன்னொரு சின்ன வரி வந்தது: ‘தொடர்பு இல்லை’. அதுவும் அதே பச்சையில். நிறத்தைப் பழையபடி திருப்பும் குறியைப் போடாமல் விட்டால், அப்புறம் வருவதெல்லாம் அதே நிறத்தில்தான் வரும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஓனர் வயரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

“நெட்டே இல்லாம ஓடுதா? பரவால்லியே, மாப்ள.”

என் வாழ்க்கையில் எத்தனையோ மடத்தனங்களைப் பார்த்து ஒதுங்கிப் போயிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டபோது, இவர் வீட்டுக் காப்பியை இத்தனை வருஷம் குடித்திருக்கிறேனே என்று உடம்பு கூசியது. மாப்பிள்ளை சாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. காதுவரை சிவந்துபோய், திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அது இன்னும் கேவலமாக இருந்தது.

பேசியது ஜெயந்திதான். அதுவரை சுவரோரமாக நின்றிருந்தவள், ஓனரைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

“அப்ப நான் அவசரப்படலீங்க சார். அதுதான் அவசரப்பட்டிருக்குது.”

சரி போம்மா, போய் வேலையைப் பார் என்று ஓனர் கையை ஆட்டினார். மன்னிப்பு என்ற சொல் எங்கும் வரவில்லை. அவள்தான் ஏதோ தப்பித்துவிட்டதுபோல் அனுப்பிவைத்தார்கள்.

நான் யாரிடமும் கேட்காமல் மாடிக்குப் போய், உன் பழைய புரோகிராமை எடுத்து, அங்கிருந்தே நெட் வழியாக ஏரியூர் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டேன். பாப்பாரப்பட்டி கம்ப்யூட்டர் அப்போதிருந்தே பழுதாகிக் கிடந்ததால் அதில் மாற்ற முடியவில்லை; இன்றுதான் இங்கே வந்து சேர்ந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் வயரைப் பற்றிப் பேசவேண்டியிருக்கும் அல்லவா.

அன்று சாயங்காலம் ஜெயந்தியிடமிருந்து போன் வந்தது. பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

“மேடம், மஞ்சளா நிக்குதுங்க.”

“பஸ்?”

“கெளம்புதுங்க. போவட்டும். இன்னிக்கு ரெண்டு புள்ளத்தாச்சிங்க ரத்தம் குடுத்துட்டுப் போயிருக்குதுங்க. வூட்டுல சொல்லிட்டு எங்கண்ணன வரச்சொல்லிட்டேன், வண்டியில கூட்டிட்டுப் போவும்.”

ஹாரன் சத்தம் தேய்ந்து மறைந்தது. உன்னோடு போட்டதுபோல் அவளுக்கு என்னிடம் சண்டை போட வரவில்லை. எனக்கும் பேச்சை வளர்க்கத் தெரியாது. இருந்தாலும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. கொஞ்சம் கழித்து, எல்லாரும் எல்லாரிடமும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“ஆயிருங்களா மேடம்?”

ஆயிரும், இதோ ஆயிரும் என்று சொல்ல எனக்கு நாக்கு புரளவில்லை. உன்னோடு இருந்த வருஷங்களில் அந்தச் சொல் என்னிடமிருந்து உதிர்ந்துபோய்விட்டது. இப்போது தினமும் சாயங்காலம் அவள் கேட்கிறாள். நான் தினமும் அதே பதிலைத்தான் சொல்கிறேன்.

“தெரியல ஜெயந்தி. நான் லைன்லயே இருக்கேன்.”