உங்கள் அப்பாவின் துவக்கு

இன்று காலை கடைக் கதவின் துருவை எமரித் தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மண்ணெண்ணெய் கலந்த அந்த இரும்பு வாடை மூக்கில் ஏறியதும் எழுந்து பின்னறைக்குப் போய்விட்டேன், அண்ணே. நீங்கள் திருச்சிப் பக்கம் இறந்துபோனதாகக் கார்டு வந்து எட்டு மாதம். இதை நீங்கள் உயிரோடு இருந்தபோதே எழுதியிருக்க வேண்டும்.

சீமைக்குத் திரும்பிய துரையொருவரின் சாமான்களோடு அந்தப் பழைய வேட்டைத் துவக்கையும் மொத்தமாக வாங்கியிருந்தேன். அக்கரப்பத்தனைத் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த நீங்கள், அட்டனில் என் பழைய சாமான் கடையில் அது தொங்குவதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டீர்கள்.

"நானா, இது எங்கப்பா பன்னிக் காவலுக்குத் தூக்கிட்டுப் போனதுங்க. கட்டையில பாருங்க, அவரு அடிச்ச செம்பு ஆணி. அவரு செத்ததும் பங்களாவுல வாங்கி வச்சிக்கிட்டாங்க." முஸ்லிம் கடைக்காரரை அண்ணன் முறையில் அழைப்பதுபோல என்னை நானா என்றுதான் கூப்பிட்டீர்கள்.

"அப்ப வெலையக் கூட்ட வேண்டியதுதான்" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை.

இலங்கைப் பிரசாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தீர்கள். குடும்பம் இங்கே இருந்ததற்குக் கடதாசி கேட்டார்கள். தோட்டத்துப் பேர்ப் புத்தகங்களைக் கறையான் தின்றிருந்தது. துவக்கு லைசன்ஸ் மட்டும் அப்பா பெயரில் எடுத்தது, அந்தத் தாளும் கையில் இல்லை. துவக்கைச் செய்தவன் பெயரும் அதில் வெட்டிய இலக்கமும் கொண்டுவந்தால் பழைய பதிவில் தேடலாம் என்றார் அரசாங்கக் கச்சேரிக் கிளார்க்.

லென்ஸை வைத்துக் குழாயைத் தடவித் தடவிப் பார்த்தீர்கள். இலக்கம் இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

"யாரோ நல்லாத் தேச்சிருக்கான், நானா."

"நான் வாங்கும்போதே அப்புடித்தான் இருந்துச்சு."

பொய், அண்ணே. வாங்கிய மறுநாளே நான்தான் தேய்த்தேன். பழைய எழுத்தைவிடப் பளபளப்புத்தான் விலைபோகும் என்பது என் தொழில் புத்தி.

பிறகு உங்களைவிட அதிகம் அலைந்தவன் நான். கட்டையைக் கழற்றியபோது குழாயின் அடியில் ஒரு கிரீடமும் இரண்டு எழுத்தும் தெரிந்தன. தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தீர்கள். துரைமார் பங்களாக்களில் ஏறி இறங்கி செய்தவர்களின் விலாசம் பிடித்து, அந்தப் படியைச் சீமைக்கு அனுப்பினேன். மாதக்கணக்கில் காத்திருந்து பதில் வந்தது. பர்மிங்காமில் செய்ததாம், செய்தவரின் பேரனே எழுதியிருந்தார். அதே மாதிரி நூற்றுக்கணக்கில் செய்தார்களாம். இலக்கம் இல்லாமல் எது யாருக்குப் போனது என்று சொல்ல முடியாதாம்.

"துவக்குக்குப் பாட்டன், பேரன் வரைக்கும் தெரிஞ்சிருச்சு. எனக்குத்தான் அப்பனைக் காட்ட முடியல" என்றீர்கள். நானும் கூடச் சிரித்தேன்.

மனுவைத் தள்ளிவிட்டார்கள். துவக்கை விற்றேன், நல்ல விலைக்கே போனது.

நீங்கள் இந்தியாவுக்குப் புறப்பட்ட அன்று அட்டன் ஸ்டேஷனில் பெட்டியை ஏற்றிவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டீர்கள். "எனக்காகச் சீமை வரைக்கும் தேடுன மனுசன் நீங்க ஒருத்தருதான், நானா."

ரயில் புறப்பட நேரமிருந்தது. நான் உங்களுக்குத் தேத்தண்ணி வாங்கப் போனேன். எனக்குச் சேராத அந்த நன்றி இன்னும் என்னிடமே கிடக்கிறது, அண்ணே. திருப்பிக் கொடுக்க நீங்கள் இல்லை.