கரியல் இல்லாத சைக்கிள்

2009 ஓகஸ்ட் 3, திங்கள்

யுத்தம் மே மாதம் முடிந்தது. ஓகஸ்டில் வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். இன்றைக்கு மாமாவின் மகன் ட்றெவர், மெல்பேர்னிலிருந்து. எங்களுக்கென்று அவன் கொண்டுவந்தது இரண்டு பெட்டி சொக்கலேட். தனக்கென்று கொண்டுவந்தது ஒரு பிஎம்எக்ஸ், பாய்ந்து விளையாடுகிற சைக்கிள். முற்றத்தில் வைத்துப் பாகம் பாகமாகப் பூட்டி முடித்து, இரண்டு விரலால் தூக்கிக் காட்டினான். பத்துக் கிலோவாம். பிறகு என்னுடைய பிஎம்எக்ஸைத் தூக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"கெரன், இது சைக்கிளா ட்ரக்டரா?"

டச்பாரில் கடற்கரை வீட்டில் இருந்தபோது வாங்கிய சைக்கிள் இது. சுனாமி வீட்டைக் கொண்டுபோனது. சைக்கிளின் சீற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு மிச்சத்தை வாவிச் சேற்றில் நட்டுவிட்டுப் போனது. கழுவி, வேறு சீற் போட்டு, இந்தப் பனிச்சையடி வீட்டுக்கு வந்த பிறகும் ஓட்டுகிறேன். அதைப் போய் ட்ரக்டர் என்கிறான். கோபம் கோபமாக வருகிறது.

ஓகஸ்ட் 4

பந்தயம் பிடித்தாயிற்று. வீடு கட்டி மிஞ்சிய புளொக் கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சைக்கிளோடு பாய வேண்டும். 15ஆம் திகதி, மாதா திருநாள் பூசை முடிந்ததும். நான் வென்றால் அவனுடைய சைக்கிள் எனக்கு. நான் தோற்றால்?

குசினிக்குள்ளிருந்து மம்மியின் குரல் வந்தது. "தோத்தா அந்தச் சனியனுக்குப் பின்னால ஆள் இருக்க ஒரு கரியல் பூட்டட்டும். நான் சந்தைக்கு எத்தின நாளைக்கு நடந்து போறது?"

பிஎம்எக்ஸுக்குக் கரியல்! குதிரைக்குச் சீலை உடுத்தச் சொல்கிறா. நான் வேலை செய்கிற தையல் கடையில் இருந்த நேரம் முழுக்க இதையே யோசித்து, ஒரு வெள்ளைச் சட்டைக்கு இரண்டு இடது கை தைத்துவிட்டேன்.

ஓகஸ்ட் 5

மீன்கார இளையதம்பியண்ணனின் தராசில் சைக்கிளைத் தொங்கவிட்டேன். பதினாறு கிலோ! அவர் சைக்கிளை ஒரு பாரைக்குட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வெட்டித் தரவா புள்ள?"

வெட்டத்தான் வேண்டும். டடி கட்டாருக்குப் போகும்போது விட்டுப்போன ஸ்பனர் பெட்டியை இறக்கினேன். மட்காட் போனது. ஸ்டாண்ட், செயின் கவர், பெல் எல்லாம் போனது. பின் சில்லில் ஏறி நிற்கிற இரண்டு இரும்புக் குழாயும் போனது. அந்தக் குழாய்களால் ஆமியின் சென்றிப் பொயின்ற்றில் நான் பட்ட பாடு! குண்டு இல்லை என்று நிரூபிக்க ஒருநாள் அதற்குள் ஊதிக்கூடக் காட்டினேன்.

ஓகஸ்ட் 9, ஞாயிறு

சிநேகிதி கஜானியைப் பார்க்க உன்னிச்சைக்கு. சைக்கிள் பஸ்ஸின் கூரையில் வந்தது. அங்கே நெல் வாங்க வந்திருந்த முதலாளியின் தராசில் போட்டுப் பார்த்தால் பதினொன்று! ஐந்து கிலோ இறக்கிவிட்டேன். இனி ட்றெவரின் கதை முடிந்தது.

ஓகஸ்ட் 10

மூன்று கல். கழற்ற முதல் பாய்ந்த அதே மூன்று கல். ஐந்து கிலோ குறைந்தும் ஏன் ஒரு கல் கூடவில்லை? பாய்ந்து விழும்போதெல்லாம் உள்ளே சரசரவென்று ஒரு சத்தம் வேறு. பேரிங் தேய்ந்துவிட்டது போல.

ஓகஸ்ட் 12

இன்று கிளினிக் நாள். மருத்துவிச்சி அன்னப்பூரணியக்கா பிள்ளைகளை நிறுக்கிற தராசு மாமரத்தில் தொங்குகிறது. வரிசையில் நின்றேன். முன்னால் மூன்று கைக்குழந்தைகள், பின்னால் நான்கு, நடுவில் என் சைக்கிள்.

பதினான்கு!

"அக்கா, உன்னிச்சையில பதினொண்டுதானே காட்டினது?"

"விக்கிறவன்ட தராசு கூட்டிக் காட்டும். வாங்கிறவன்ட தராசு குறைச்சுக் காட்டும். என்ட தராசில யாரும் யாவாரம் செய்யிறல்ல. மறுகா, உன்ட பிள்ளைக்கு நிறை கூடத்தான். இறக்கு புள்ள, அடுத்த பிள்ளை அழுகுது."

வீடுவரை உருட்டிக்கொண்டே வந்தேன். ஏறி ஓட்ட மனம் வரவில்லை.

ஓகஸ்ட் 13

முழுவதும் கழற்றினேன். சில்லு இல்லை, ஹாண்டில் இல்லை, சீற் இல்லை. வெறும் ஃபிரேம்தான், ஆனாலும் கை இழுத்தது. ட்றெவர் தூக்கிப் பார்த்தான். "இரும்பு எண்டாலும் இவ்வளவு வராதே. உள்ள என்னமோ இரிக்கு."

துருப்பிடித்து இறுகிக்கிடந்த பெடல் அச்சு மட்டும்தான் மிச்சம். சுனாமிக்குப் பிறகு அதை யாரும் கழற்றியதில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து முறுக்கினோம். அச்சு கழன்று ட்றெவரின் காலில் விழுந்தது. அவன் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னான்.

பிறகு மண் கொட்டியது.

கடல் மண். ஃபிரேமைத் தட்டத் தட்டக் கொட்டிக்கொண்டே இருந்தது. சின்னச் சிப்பிகூட இருந்தது. பேரிங் சத்தமாம்! சீற் போன ஓட்டை வழியாகச் சுனாமி அன்றைக்கே உள்ளே போயிருக்கிறது. ஐந்து வருடமாக அந்தக் கடலைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் பாய்ந்திருக்கிறேன், விசரி.

சிரிக்கத்தான் தொடங்கினோம். மம்மி வெளியே வந்து பார்த்தா. ஏசுவா என்று நினைத்தேன். ஆனால் மண்ணை விளக்குமாற்றால் கூட்டி, ஒரு பால்மா ரின்னுக்குள் அள்ளி, மூடி, உள்ளே கொண்டுபோனா.

எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. டச்பார்ப் பக்கம் மம்மி இன்றுவரை போனதே இல்லை. அந்த வீட்டைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டா.

ஓகஸ்ட் 15, சனி

வென்றேன்!

ட்றெவர் நான்கு கல் பாய்ந்தான். ஐந்தாவதில் பின் சில்லு கல்லின்மேல் விழுந்தது. பாரம் குறைக்கவென்று போட்ட மெல்லிய ரிம், பொரித்த அப்பளமாக நெளிந்துவிட்டது. கண்ணீர் வராத குறை.

நான் பழக்கத்தில் மண் மூட்டையை இழுக்கிற மாதிரி இழுத்தேன். சைக்கிள் ஆளை விட்டுவிட்டுத் தான் மட்டும் மேலே போகப் பார்த்தது. ஹாண்டில் நாடியில் இடித்தது, நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் ஐந்து கல்லையும் தாண்டி அப்பால் விழுந்தேன். விழுந்தது மம்மியின் றோசாச் சாடிக்குள். அதற்குப் புள்ளி குறைப்பதில்லை என்று முதலே பேசியாயிற்று.

ட்றெவரின் சைக்கிளை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த ரிம்முக்கு மட்டக்களப்பு முழுக்கத் தேடினாலும் சாமான் கிடைக்காது.

பின்னேரம் மம்மி பால்மா ரின்னை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் இருந்தா. நாடியில் ஐஸ் கட்டியோடு பக்கத்தில் போய் இருந்தேன்.

"டச்பாருக்கு எத்தின மணிக்கு பஸ்?" என்று கேட்டா. என்னைப் பார்க்காமல்தான் கேட்டா.

ஓகஸ்ட் 16, ஞாயிறு

காலையில் சைக்கிள் கடையைத் திறக்கவைத்து ஒரு கரியல் வாங்கிப் பூட்டினேன். நல்ல கனமான இரும்புக் கரியல். பிஎம்எக்ஸில் பார்க்கச் சகிக்கவில்லை. மம்மி ரின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் ஏறியதும் முன்சில்லு மேலே எழும்பியது. ட்றெவர் ஓடிவந்து அமத்தினான்.

கல்லடிப் பாலத்தில் ஆமிக்காரன் மறித்து ரின்னைத் திறக்கச் சொன்னான்.

"என்ன இது?"

"மண்," என்றா மம்மி. "எங்கட வீட்டு மண்."

அவன் விரலால் கிளறிப் பார்த்தான். பிறகு மூடியைத் தானே இறுக்கி மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

டச்பாரில் அத்திவாரம் மட்டும் இருக்கிறது. குசினி இருந்த இடத்தை மம்மி நேரே போய்க் கண்டுபிடித்தா. அங்கே கொட்டினா. வெறும் ரின்னைத் தட்டிப் பார்த்துவிட்டு, வாறது வரட்டும் என்று அழுதா. நானும்தான்.

திரும்பி வரும்போது பாலத்து ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது.

"நான் பாரமாடி?" என்று பின்னாலிருந்து கேட்டா.

"ஓம்," என்றேன். "இறங்காதீங்க."