பெரிய ஹெட்ஃபோன் வேண்டாம், மீகா

அன்புள்ள மகன் மீகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் தங்கை செஃபினாவும் உடம்பில் புதுக் காயம் எதுவும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். கடிதத்தின் தலையில் முகவரி இல்லையே என்று தேடாதே. ஆஸ்திரேலியாவில், அதே லோகன் பக்கம்தான் இருக்கிறோம், ஆனால் இந்த வீட்டின் முகவரியை யாருக்கும் எழுதக்கூடாது என்பது இங்கே சட்டம். காரணம் பின்னால் வரும். என்னோடு கோழித் தொழிற்சாலையில் வேலை செய்யும் லெய்து, அக்கா மகள் கல்யாணத்துக்காகச் சமோவாவுக்கு வருகிறாள். படகேறிச் சவாயித் தீவு வரைக்கும் வந்து இதை உன் கையில் கொடுப்பாள். பெரியப்பா கையில் கொடுக்கமாட்டாள், சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

பழைய வீட்டில் இருக்கும்போதே உன் கடிதம் கிடைத்தது. கடைத்தெருவில் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடை ஒன்று இருக்கிறது, தோட்டத்திலிருந்து சேப்பங்கிழங்கு மூட்டை கொண்டுவரும்போது பெரியப்பாவுக்குத் தெரியாமல் ஒரு மணி நேரம் விளையாடுகிறாய் என்று எழுதியிருந்தாய். அங்கே இருக்கிற ஹெட்ஃபோன் எல்லாம் உடைசல், பழையபடி காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்ஃபோன் ஒன்று அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். அதற்குக் கீழே, "அப்பாவின் தலைக் காயம் ஆறிவிட்டதா? என்னை மன்னிக்கச் சொல்லுங்கள். எல்லாம் அந்த விளையாட்டால் வந்த வெறி" என்று இருந்தது. அந்த வரியை நாலு தரம் படித்தேன். பெரியப்பா சொல்லிச் சொல்லி உன் வாயில் ஊறிப்போன பேச்சு அது. அவருக்கு முன்னால் அதைச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

கடைக்குப் போனேன். பெரிய ஹெட்ஃபோன்கள் சுவர் முழுக்கத் தொங்கின. நான் அவற்றைத் தொடவில்லை. வயர் வைத்த சின்ன இயர்ஃபோன் எங்கே என்று கேட்டேன். விற்கிற பெண் நல்லவள், மலிவான பொருளுக்கு அவ்வளவு மெனக்கெட்டுப் பேசினாள். "ஆன்ட்டி, கேமுக்கு இதுவே போதும். எதிராளி காலடிச் சத்தம் எந்தப் பக்கம் வருதுன்னு தெளிவாக் கேக்கும். வயர் இருக்கிறதால சத்தம் பிந்தி வராது, சார்ஜும் வேணாம். உங்க ஊரு வெயில்ல பெரிசை மாட்டினா காது வெந்துபோகும்" என்றாள். வயரில் அவரைக்கொட்டை அளவுக்கு ஒரு மைக்கும் இருக்கிறது. காதில் செருகும் ரப்பர் மூன்று அளவில் வைத்திருக்கிறார்கள், உனக்கு எது பொருந்துகிறது என்று பார். ஆனால் நான் விலைக்காக வாங்கவில்லை, மீகா. இலவசமாகக் கொடுத்தாலும் காதை முழுசாக மூடுகிற எதையும் இனி என் கையால் உனக்குத் தரமாட்டேன்.

உனக்குப் பதினாலு வயதில் அந்தப் பழைய ஹெட்ஃபோனை வாங்கினேன். பிறந்தநாள் பரிசு என்று சொன்னேன். பொய். கடைக்காரன் அதை என் தலையில் மாட்டிவிட்டு ஏதோ பேசினான், உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. கழற்றியதும், "வீடே இடிஞ்சு விழுந்தாலும் தெரியாது" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக வாங்கினேன். மற்ற அம்மாக்கள் விளையாட்டை நிறுத்து நிறுத்து என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். நான் உன்னை விளையாடப் போ என்று துரத்தினேன். உன் அப்பா கிளப்பிலிருந்து வந்து கார் சாவியை மேசைமேல் வைக்கிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். செஃபினாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு உன் அறைக்கு வந்து, "மாட்டிக்கோடா, உன் ஆளுங்க காத்திருப்பாங்க" என்பேன். உன் கூட்டாளிகள் இப்படி ஓர் அம்மா தங்களுக்கு இல்லையே என்று பொறாமைப்படுகிறார்கள் என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னாய். நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

இனி உன் அப்பா ஏலியாவை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பொறுத்துக்கொள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். புல்வெட்டும் இயந்திரத்தின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தான், கிளம்பவில்லை. நான் மூடியைத் திறந்து பெட்ரோல் இல்லை என்று காட்டினேன். காட்டும்போது சிரித்துவிட்டேன். அவ்வளவுதான் என் குற்றம். முடியைப் பிடித்துச் சலவை அறைக்குள் இழுத்துப்போனான். உன் அறைக்கும் அதற்கும் நடுவே ஒரு மெல்லிய பலகைச் சுவர்தானே. சலவை இயந்திரத்தின் விளிம்பில் என் முகத்தை மோதினான். முதல் மோதலில் உதடு கிழிந்தது, அடுத்ததில் கடைவாய்ப் பல் போனது. விழுந்த பிறகு வலது கையை மிதித்தான். கத்தி பிடித்துச் சம்பாதிக்கிற கை அது என்று அவனுக்குத் தெரியும். அப்போது நீ வந்தாய். கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த கிலிகிதி மட்டையை, நம் சர்ச் அணி கிரிக்கெட் ஆடுகிற அந்த மூன்று முக மட்டையை எடுத்தாய். தோளில் ஓர் அடி. அவன் திரும்பினான். தலையில் ஓர் அடி. தரையில் கிடந்த ரத்தத்தில் என்னுடையது எது, அவனுடையது எது என்று தெரியவில்லை. "முதல் அடி கோவத்துல விழுந்துச்சு, சரி. ரெண்டாவது எதுக்கு?" என்று பெரியப்பா பிறகு கேட்டார். எனக்கு அந்த இரண்டாவது அடிதான் பிடித்தது. கடவுள் மன்னித்தாலும் சரி, மன்னிக்காவிட்டாலும் சரி.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பாவம். ஆஸ்பத்திரியில், ஈரத் தரையில் வழுக்கி விழுந்தேன் என்றேன். ஏலியா என்னைத் தூக்கத்தான் வந்தார், பையன் தப்பாகப் புரிந்துகொண்டு அடித்துவிட்டான் என்றேன். நீ என் பக்கத்தில் நின்றாய். என் முகத்தைப் பார்த்தாய். நான் சுவரைப் பார்த்தேன். "ரெனேதான் சொன்னா, ஓடுன்னு சொன்னா" என்று நீ எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தாய். "கேமுக்குள்ள இருந்து குரல் கேக்குதாம் பிள்ளைக்கு. நாள் முழுக்கச் சுடுறதும் வெட்டுறதும், மண்டைக்குள்ள ஏறிடுச்சு" என்று பாஸ்டர் தலையை ஆட்டினார். எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. எனக்குத்தான் மிகவும் வசதி. போலீஸ் வேண்டாம், பையனை ஊருக்கு அனுப்பு என்று பெரியப்பா விமானம் ஏறி வந்தார். தலையில் கட்டோடு உன் அப்பன் முற்றத்தில் நின்று அந்த ஹெட்ஃபோனைச் சுத்தியலால் நொறுக்கினான். அத்தைமார் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

இந்த இயர்ஃபோனை வாங்கி வந்ததும் சோதித்துப் பார்க்க நினைத்தேன். மலிவுப் பொருள், ஒரு காது கேட்டு ஒரு காது கேட்காமல் போனால் சவாயியிலிருந்து யார் மாற்றித் தருவது? அவன் வேலைக்குப் போயிருந்தான். செஃபினா உன் கம்ப்யூட்டரை ஆன் செய்து எதையோ திறந்து, என் காதில் செருகிவிட்டாள். உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்த உடனே ஒரு பெண் கத்தினாள்: "மீகா! டேய், இருக்கியா செத்தியா? நாலு மாசம்டா!" நான் வயரில் மைக்கைத் தேடினேன். "மூச்சு விடுறது கேக்குது, பேசுடா எருமை" என்றாள். நான் அவன் அம்மா என்றேன். உடனே அவள் குரலைத் தாழ்த்தி, "ஆன்ட்டி, நீங்க நல்லா இருக்கீங்களா? அந்த ஆளு வீட்டுல இருக்கானா?" என்றாள்.

உன் ரெனேதான். பாஸ்டர் பேய்க் குரல் என்று சொன்ன அந்த ரெனே, டாம்வொர்த் ஊரில் பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிற பெண். உனக்கு எப்படியம்மா தெரியும் என்று கேட்டேன். எல்லாம் கேட்கும் ஆன்ட்டி என்றாள். எனக்கு அந்தக் கருவியைப் பற்றிப் பாதிதான் தெரிந்திருந்தது. உன் காதை மூடினால் போதும் என்று நினைத்தேன். உன் வாய்க்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த மைக் வீட்டுச் சத்தத்தையெல்லாம் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. உனக்குக் கேட்காதது டாம்வொர்த்துக்குக் கேட்டிருக்கிறது. முதலில் டிவி என்று நினைத்தார்களாம். "சனிக்கிழமையானா மீகா வீட்டுல சண்டைப் படம்" என்று கேலி வேறு. அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்து, உன்னை ஓடு என்று விரட்டியிருக்கிறாள்.

அந்த ஆட்டத்தில் நீங்கள் ஜெயித்துக்கொண்டிருந்ததால் கடைசி இரண்டு நிமிடத்தை அவள் சேமித்து வைத்திருந்தாள். உங்கள் கூட்டத்தில் அது வழக்கமாம், பிறகு போட்டுப் பார்த்துப் பெருமையடிக்க. "நீங்க கேக்க வேணாம் ஆன்ட்டி, போலீசுக்கு மட்டும் குடுங்க" என்றாள். போடு என்றேன். துப்பாக்கிச் சத்தம். "இடப் பக்கம்டா, படிக்கட்டுல ஒருத்தன்!" என்று நீ சிரித்துக்கொண்டே கத்துகிறாய். அதற்குப் பின்னால் தகரத்தில் ஏதோ மோதுகிறது. அது என் முகம். பிறகு என் குரல், மிகவும் மரியாதையாக, "மெதுவா ஏலியா, பையனுக்குக் கேக்கும்" என்கிறது. அதற்கு அவன் அவசரமே இல்லாமல் பதில் சொல்கிறான்: "கேக்காது. நீதானே வாங்கிக் குடுத்தே."

அவன் அதைச் சொன்னதே எனக்கு நினைவில் இல்லை. அடி விழும்போது எந்த வார்த்தை காதில் நிற்கும்? மூன்று வருடம் உனக்காக வாங்கினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மீகா. அவனுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு தரம் போடச் சொல்லிக் கேட்டேன். கேட்டு முடித்ததும் செஃபினாவின் பள்ளிக்கூடப் பையில் துணியைத் திணித்துக்கொண்டு, அவன் வருவதற்குள் வெளியே வந்துவிட்டோம். நேராகப் போலீஸ் நிலையம். ஒன்று விடாமல் சொன்னேன், வழுக்கி விழவில்லை என்பதையும். அடிக்கிற புருஷனுக்குத் தெரியாமல் பெண்களைத் தங்கவைக்கிற இந்த வீட்டில் அவர்கள்தான் சேர்த்தார்கள்.

போன செவ்வாய் மத்தியானம் அவன் தொழிற்சாலை வாசலுக்கு வந்தான். என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தி, "பையனைக் கெடுத்தது பத்தாதா? என்னையும் ஜெயிலுக்கு அனுப்பப் பாக்குறியா?" என்றான். நாள் முழுக்கக் கோழியின் தோள்மூட்டைப் பிரிக்கிறவள் நான். அவன் தோளில் கத்தி எந்த இடத்தில் சுலபமாக இறங்கும் என்று என் கண் தானாகத் தேடியது. கத்தி உள்ளே இருந்தது, அவன் நல்ல காலம். அதற்குள் லெய்துவும் வெட்டு வரிசைப் பெண்களும் ஏப்ரனோடு ஓடி வந்து அவன் விரல்களை என் கழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். ஒரு விரல் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. "நாங்க கோழிக்கே எலும்பு மிச்சம் வெக்க மாட்டோம் அண்ணே, பாத்து நில்லுங்க" என்றாள் லெய்து. போலீஸ் வந்து கொண்டுபோனது, இன்னும் விடவில்லை. உன் வெறி விளையாட்டிலிருந்து வந்தது என்று இனி யாராவது சொன்னால், என் வெறி எங்கிருந்து வந்தது என்று கேள். நான் ஒரு நாளும் விளையாடியதில்லை.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். உன்னைக் கூட்டிப்போவதற்கு முந்திய ஞாயிறு, உன் தலைமேல் பாயைப் போட்டு முற்றத்தில் மண்டியிட வைத்தார்களே. ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தின் ரத்தத்தைச் சிந்திவிட்டால் அப்படி மூடிக்கொண்டு போய் உட்காருவதும், அடிபட்டவர்கள் வந்து பாயை எடுத்தால் மன்னித்ததாக ஆவதும் நம் வழக்கம். சொந்த அப்பனுக்கு மகன் அப்படி உட்கார்ந்து நான் கேள்விப்பட்டதே இல்லை. பெரியப்பா சொன்னார், நான் போய்ப் பெட்டியைத் திறந்தேன். என் கல்யாணத்துக்கு வந்த மெல்லிய பாய் அது. போடும்போது நீ நிமிர்ந்து, "அம்மா, நீங்க சொல்லுங்கம்மா" என்றாய். நான் பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டு உள்ளே போய் அவனுக்குச் சோறு பரிமாறினேன். அவன் இரண்டாம் முறை கறி வாங்கிச் சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் வந்து எடுத்தான்.

மீகா, அடுத்த வாரம் நானும் செஃபினாவும் சவாயிக்கு வருகிறோம். அவன் உள்ளே இருக்கும்போது வீட்டிலிருந்து எடுத்துவந்த அந்தப் பாயைக் கொண்டுவருகிறேன். உன் பெரியப்பா வீட்டு முற்றத்தில், ஊர் பார்க்க, என் தலைமேல் போட்டுக்கொண்டு உனக்கு முன்னால் மண்டியிடுவேன். நடந்ததை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வேன். அம்மா மகனுக்கு மண்டியிடுவதா என்று பெரியப்பா கத்துவார், ஊர் சிரிக்கும். நீ அவசரப்பட்டு எடுத்துவிடாதே. உள்ளே போய்ச் சாப்பிடு. வேலை இருந்தால் தோட்டத்துக்குப் போய்விட்டு வா. எனக்கு வெயில் பழக்கம்தான். அன்றைக்கு எடுக்க மனம் வராவிட்டால் மறுநாள் வந்து உட்காருகிறேன்.

கடவுள் உன் இரண்டு கைகளையும் காக்கட்டும். அவை தப்பு செய்யவில்லை.

முற்றத்துக்கு வந்துகொண்டிருக்கும்,
உன் அம்மா
ஃபுவாதினோ